சென்னை வீட்டுக் கோழிகளை ஐப்பசி மழைக்கும் மார்கழிப் பனிக்கும் ஆயத்தம் செய்யும் முறை

வீட்டின் பின்புறத்திலோ மொட்டை மாடியிலோ முதன்முறையாக எட்டுப் பத்துக் கோழிகளை வைத்துக்கொண்டிருப்பவர், குளிர்காலத்துக்குக் கூண்டை எப்படித் தயார் செய்வது என்று தேடிப் பார்த்தால், பனி உறையும் நாடுகளில் எடுக்கப்பட்ட காணொளிகளே அதிகம் கிடைக்கும். கூண்டின் சுவருக்குள் வெப்பத் தடுப்பு அட்டை பொருத்துவது, குடிநீர் உறையாமல் சூடேற்றுவது, கொண்டை பனியில் கருகாமல் களிம்பு தடவுவது என்று அவை சொல்லும் யோசனைகள் அந்தந்த ஊருக்குச் சரியானவை. சென்னைக்கு அவற்றில் ஒன்றும் தேவைப்படாது. சில தீங்கும் செய்யும். இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. கோழியின் உடல் வெப்பமோ சுமார் 41 டிகிரி. இறகுகளுக்கு இடையே காற்றைத் தேக்கி அந்த வெப்பத்தை அது காத்துக்கொள்கிறது. இறகு உலர்ந்திருக்கும்வரை, வளர்ந்த கோழிக்கு நம் மார்கழிக் குளிர் ஒரு பொருட்டே அல்ல.

இறகு நனைந்துவிட்டால் கதையே வேறு. சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் சுமார் 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டுகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்லும் அந்த இரண்டு மாதங்களில் நனைந்த கோழியும், ஈரம் ஊறிய கூளமும் (கூண்டின் தரையில் பரப்பும் உமி, நார் போன்றவை), பூஞ்சை பிடித்த தீவனமும், பெருகிய கொசுவும் ஒன்று சேர்ந்துதான் புதிதாக வளர்ப்பவர்களின் கோழிகளைப் பலி வாங்குகின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் அத்தனை வேலைகளுக்கும் அடிப்படை ஒன்றே: கூண்டுக்குள் ஈரம் வரக் கூடாது, ஆனால் காற்று வருவதை அடைத்துவிடவும் கூடாது.

எப்போது தொடங்குவது

ஆவணி கடைசியில், அதாவது செப்டம்பர் நடுவில் தொடங்கிவிட வேண்டும். தடுப்பூசி போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்தே கோழியின் உடலில் எதிர்ப்புத் திறன் முழுமையாக உருவாகும் என்பதும், கூளத்துக்கான உமியையும் தானியத்தையும் நல்ல வெயிலில் காயவைக்க அதற்குப் பிறகு நாள் கிடைக்காது என்பதும் இதற்குக் காரணங்கள். செப்டம்பரிலும் சென்னையில் மாலை இடிமழை உண்டு; அதைத் தொந்தரவாக நினைக்காமல் ஒத்திகையாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு மழை பெய்யும்போது குடையோடு போய்க் கூண்டுக்கு அருகில் நின்று, எந்தப் பக்கம் சாரல் அடிக்கிறது, எங்கே ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாக ஓடி எங்கே தேங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், கொத்தனாரிடமோ தச்சரிடமோ என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

இடமும் தரையும்

முடிச்சூர், வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைத்தான். அக்கம்பக்கத்தில் நெடுநாள் குடியிருப்பவர்கள் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். முழங்கால் அளவுக்கு நின்ற தெருவானால் கூண்டின் தரை அதற்கு மேலே இருக்க வேண்டும். ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, அதன் மேல் இரும்புக் கோணச் சட்டம் வைத்து, தரையிலிருந்து இரண்டரை அல்லது மூன்று அடி உயரத்தில் கூண்டை அமர்த்துவது பெரிய செலவில்லாத ஏற்பாடு. இடுப்பளவு நின்ற தெரு என்றால் உயர்த்துவதில் பயனில்லை. மழைக்காலம் முழுவதும் கோழிகளை மாடிக்குக் கொண்டுபோக வழி செய்வதே நல்லது.

தண்ணீர் தேங்காத பகுதியிலும் மண் தரையின் மேல் நேரடியாகக் கூளம் பரப்புவது சரிவராது. மழைக்காலத்தில் நிலத்தடி ஈரம் மேலே ஊறி, மேலே உலர்ந்ததுபோல் தெரியும் கூளம் அடியில் சகதியாகிக் கிடக்கும். சிமெண்ட் தரையோ, செங்கல் பாவிய தரையோ, அதுவும் முடியாவிட்டால் கட்டடச் சல்லியை நாலங்குலம் கொட்டி மேலே மணல் பரப்பிய தரையோ வேண்டும். கூண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் வெட்டி, அதன் சரிவைத் தெருப்பக்கம் திருப்பிவிடுங்கள்.

மாடியில் வளர்ப்பவர்களுக்கு வெள்ளப் பயம் இல்லை. வேறு இரண்டு கவலைகள் உண்டு. உமியும் உதிர்ந்த இறகும் சேர்ந்து மாடியின் வடிகுழாய் வாயை அடைத்துக்கொள்ளும். ஒரே இரவில் மாடி குளமாகி, தளம் கசியத் தொடங்கும். குழாய் வாய்க்கு இரும்புச் சல்லடை போட்டு, மழை நாள்களில் தினமும் அதைத் துடைத்துவிட வேண்டும். இரண்டாவது கவலை பலருக்கும் தோன்றுவதே இல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், மாடித் தண்ணீர் நேராகக் கிணற்றுக்கோ கீழ்த்தொட்டிக்கோ போகும்படி குழாய் இணைக்கப்பட்டிருக்கும். கோழி எச்சம் கரைந்த தண்ணீர் அதே வழியில் இறங்கினால் குடும்பமே நோயில் விழும். கூண்டு இருக்கும் பகுதியின் வடிகாலைச் சேகரிப்பு இணைப்பிலிருந்து பிரித்து, தோட்டத்துக்கோ சாக்கடைக்கோ தனியாக விட்டுவிட வேண்டும். இந்த ஒரு வேலையை முடிக்காமல் மாடியில் கோழி வைக்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம்.

கூரையும் பக்கங்களும்

கூரைக்குத் தகரமோ சிமெண்ட் ஷீட்டோ எதுவானாலும், நான்கு பக்கமும் குறைந்தது இரண்டடி, சாரல் அடிக்கும் பக்கத்தில் மூன்றடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தகரக் கூரையின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் மழைச் சத்தம் குறையும். அதோடு அதிகாலையில் தகரத்தின் உட்புறம் வேர்த்துத் துளித்துளியாகக் கூளத்தில் சொட்டுவதும் நிற்கும். ஷீட்டுகளை ஜே போல்ட் போட்டு முடுக்கி, போல்ட் துளைகளைத் தார் ஷீட் துண்டால் மூட வேண்டும். கல்லைத் தூக்கிக் கூரை மேல் வைப்பது புயல் காற்றுக்கு ஈடுகொடுக்காது என்பதோடு, அந்தக் கல்லே பறந்து வந்து விழும் அபாயமும் உண்டு.

பருவமழைச் சாரல் பெரும்பாலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும்தான் அடிக்கும். ஆகவே அந்த இரண்டு பக்கங்களைத் தரையிலிருந்து கோழிகள் உட்காரும் கட்டையின் உயரத்துக்குச் சற்று மேல்வரை பலகையாலோ தகரத்தாலோ நிரந்தரமாக அடைத்து, அதற்கு மேலே கூரைவரை ஓர் அடியாவது கம்பிவலையாக விட்டுவிட வேண்டும். தெற்கும் மேற்கும் வலை மட்டும் இருந்தால் போதும். அங்கே சுருட்டி ஏற்றவும் இறக்கவும் கூடிய தார்ப்பாய் ஒன்றைக் கட்டிவைத்து, காற்று திசை மாறும்போது மட்டும் இறக்கிவிடலாம்.

குளிருமே என்று இரக்கப்பட்டு நான்கு பக்கமும் தார்ப்பாய் போர்த்திவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் காரியங்களில் மிகக் கெடுதலானது. கோழி மூச்சில் விடும் ஈரமும், எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயுவும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுழலும். அந்த வாயு கண்ணையும் மூச்சுக் குழலின் உட்புறத்தையும் அரித்து, சளி நோய்களுக்குக் கதவைத் திறந்துவிடும். காலையில் கூண்டைத் திறந்து, கோழிகள் அடையும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்கு எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். நின்றபடி முகர்ந்தால் தெரியாது.

வலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கடைகளில் ‘கோழி வலை’ என்று கொடுக்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, பெருச்சாளியை வெளியே நிறுத்தாது. மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் பெருச்சாளி, பாம்பு, கீரி எல்லாமே மேட்டைத் தேடி வரும். கூண்டு அவற்றுக்கு வாய்த்த மேடாகிவிடும். அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ்ஷைக் கீழிருந்து மூன்றடி உயரத்துக்காவது அடிக்க வேண்டும். பாரிமுனை, மண்ணடிப் பக்கத்து இரும்புக் கடைகளில் இது சுருளாகவும் அளந்தும் கிடைக்கும். மரநாய் வரும் பகுதியானால் கதவுக்கு வெறும் கொண்டி போதாது, பூட்டு வேண்டும்.

கோழி அம்மை கொசு வழியாகப் பரவுவதால், இரவுக் கூண்டின் வலைக்கு மேல் ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையையும் ஒட்டிவிடுவது நல்லது. காற்றோட்டம் சிறிது குறையும். அந்தக் குறையை ஈடுசெய்ய மேல்புறத் திறப்பை அகலமாக விட வேண்டும்.

உட்காரும் கட்டை மரமாக இருக்கட்டும். சவுக்குக் கம்பின் முடிச்சுகளைச் சீவி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒரு கோழிக்கு ஒரு சாண் இடம் என்ற கணக்கில் வைத்தால் போதும். முருங்கை மரத்தில் ஏறி அடையும் பழக்கமுள்ள கோழிகளைப் புரட்டாசியிலேயே கூண்டுக்குப் பழக்கிவிட வேண்டும். அடையும் நேரத்துக்கு அரைமணி முன்பு கூண்டுக்குள் மட்டுமே தீனி வைத்து, உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவந்தால் இரண்டு வாரத்தில் தாமாகவே உள்ளே வரும். அடைமழை இரவில் மரத்தில் ஏறி அவற்றைப் பிடிக்கும் வேலை யாருக்கும் வேண்டாம்.

கூளம்: பாதி வெற்றி இங்கேதான்

மழைக்காலக் கோழி வளர்ப்பின் பாதி வேலை கூளத்தைப் பராமரிப்பதுதான். நெல் உமி, கடலைத் தோல், தேங்காய் நார்க்கழிவு, தச்சுப் பட்டறை இழைப்புச் சுருள் ஆகியவற்றில் எது மலிவாகவும் உலர்ந்தும் கிடைக்கிறதோ அதைப் பயன்படுத்தலாம். செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்து உமி மூட்டையாக வரும். அது தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, ஆனால் சீக்கிரம் காயும். நார்க்கழிவு இதற்கு நேர்மாறு: நிறைய உறிஞ்சும், காய்வது கடினம். இரண்டையும் பாதிக்குப் பாதி கலப்பது சென்னை ஈரத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. பிளைவுட் அறுத்த தூளில் பசை கலந்திருக்கும் என்பதால் அது வேண்டாம். நைசான மரத்தூளைக் குஞ்சுகள் தீனி என்று தின்றுவிடும் என்பதால் அவற்றின் கூண்டில் அதுவும் வேண்டாம்.

செப்டம்பர் இறுதியில் பழைய கூளத்தை ஒன்றுவிடாமல் வாரி எடுத்து, தரையையும் சுவரின் அடிப்பகுதியையும் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட வேண்டும். கட்டையின் சந்துகளிலும் பலகை இணைப்புகளிலும் கோழியின் ரத்தத்தை உறிஞ்சும் செள்ளு ஒளிந்திருக்கும். அங்கே வேப்பெண்ணெயைப் பஞ்சில் தோய்த்துத் திணிக்கலாம். தரை முற்றிலும் காய்ந்த பிறகு, வெயிலில் உலர்த்திய புதிய கூளத்தை நாலங்குலம் முதல் ஆறங்குலம் வரை பரப்பி, மேலும் இரண்டு மூட்டைக் கூளத்தை மழை படாத இடத்தில் இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் தேடினால் காய்ந்த உமி எங்கும் கிடைக்காது.

கூளம் சரியாக இருக்கிறதா என்பதைக் கையால்தான் அறிய வேண்டும். கட்டைக்கு நேர் கீழேயிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, பிறகு கையை விரியுங்கள். விரித்த உடனே பொலபொலவென்று உதிர்ந்தால் நல்ல நிலை. உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உடைந்தால் கிளறிவிட வேண்டிய நேரம். உருண்டை உடையாமல், உள்ளங்கையில் ஈரப் பிசுபிசுப்பும் பழுப்புக் கறையும் ஒட்டினால் அந்தப் பகுதியை வாரி எறிந்துவிட்டுப் புதுக் கூளம் போட்டே ஆக வேண்டும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரியின் முட்டைகள் எச்சத்தோடு விழுந்து, வெதுவெதுப்பான ஈரத்தில் ஓரிரு நாளிலேயே தொற்றும் திறன் பெறுகின்றன. காய்ந்த கூளத்தில் அவற்றால் அப்படி வளர முடியாது. எனவே வெயில் நாள்களில் வாரம் இரண்டு முறை கிளறும் கூளத்தை, மழை நாள்களில் ஒன்றுவிட்டு ஒருநாள் கிளற வேண்டும். மேலாகச் சிறிது சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறுவது ஈரத்தை இழுக்கும், ஆனால் அப்போது அம்மோனியா நெடி சற்று அதிகமாக எழும் என்பதால் கோழிகளை வெளியே விட்டுவிட்டு, பக்கங்களைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். நீற்றாத சுண்ணாம்பு கோழியின் பாதத்தைப் புண்ணாக்கிவிடும். நீற்றிய தூளையே வாங்குங்கள்.

கூரைச் சாரலைவிட அதிகமாகக் கூளத்தை நனைப்பது குடிநீர்ப் பாத்திரம்தான். கோழி குடிக்கும்போது தலையை உதறிச் சிந்தும். பாத்திரத்தைக் கூளத்தின் மேல் வைக்காமல், ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளத்தின் மேல் கம்பிவலைத் துண்டைப் போட்டு அதன் மீது வைத்தால் சிந்தும் தண்ணீர் தட்டிலேயே நின்றுவிடும். தட்டைத் தினமும் கவிழ்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கொசு முட்டையிடும் தொட்டியை நாமே வைத்ததாகிவிடும்.

அடைமழையில் நாலைந்து நாள் வெளியே விட முடியாமல் போகும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். பத்துக் கோழிகள் இரவு தங்க இருபது சதுர அடி போதும். பகலெல்லாம் அடைந்து கிடக்க அது போதாது. ஒன்றையொன்று கொத்தி வால் இறகைப் பிடுங்கத் தொடங்கும். கூண்டை ஒட்டி இன்னும் முப்பது நாற்பது சதுர அடிக்குக் கூரை மட்டும் போட்ட முற்றம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒரு பழைய டயருக்குள் சாம்பலும் மணலும் வேப்பிலைத் தூளும் கலந்து வைத்தால் மண்குளியல் தடைபடாது, பேனும் கட்டுப்படும். ஒரு கட்டு முருங்கைக் கீரையையோ அகத்திக் கீரையையோ கோழியின் தலைக்குச் சற்று மேலே தொங்கவிட்டால் எட்டி எட்டிக் கொத்துவதில் அவற்றின் பொழுது போய்விடும்.

தடுப்பூசியும் குடற்புழு மருந்தும்

முதலில் குடற்புழு நீக்கம், ஒரு வாரம் கழித்துத் தடுப்பூசி. புழு நிறைந்த கோழிக்குப் போடும் ஊசி முழுப் பலன் தராது என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். புழு மருந்தின் அளவு கோழியின் எடையைப் பொறுத்தது; அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, அங்கே சொல்லும் அளவிலேயே கொடுங்கள்.

வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய்க்கு மருந்தே கிடையாது. வந்துவிட்டால் கூண்டே காலியாகலாம்; தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு எஃப் அல்லது லசோட்டா வகைத் தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் ஆர்.டி.வி.கே. ஊசி இறக்கையின் தோலுக்கடியில் அரை மில்லி என்பது வழக்கமான முறை. அம்மைத் தடுப்பூசியையும் மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்; இரண்டையும் ஒரே நாளில் போடாமல் இடைவெளி விட வேண்டும். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும் என்பதால் ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்துவந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் தாழ்ந்த மாலையில் போட்டு முடிப்பது நல்லது. ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேற்பட்ட மருந்து இருக்கும்; பத்துக் கோழிக்காக அதை உடைத்து வீணாக்குவதைவிட, தெருவில் கோழி வளர்க்கும் நாலு வீட்டார் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நோய் வராமலிருப்பது நம் கோழிக்கும் காவல்தானே. சந்தேகம் இருந்தால் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியை நாடலாம்.

அக்டோபர் முதல் பொங்கல்வரை புதுக் கோழி வாங்காமல் இருப்பது உத்தமம். பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் அழகான சேவலைக் கண்டு மனம் கேட்காமல் வாங்கிவிட்டால், குறைந்தது மூன்று வாரம் வேறு இடத்தில் தனியாக வைத்து, நம் கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே அதற்கு வைக்க வேண்டும்.

தீவனம்

மழைக்காலத் தீவனத்தில் கவனிக்க வேண்டியது பூஞ்சை. மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் ஈரம் ஏறினால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் பூஞ்சை வளரும். அது கோழியின் ஈரலைக் கெடுத்து, போட்ட தடுப்பூசியின் பலனையும் குறைத்துவிடும். கழுவினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தானியத்தைப் பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம் இருக்கிறது. பச்சை பூத்ததையும் முக்கல் வாடை அடிப்பதையும் யோசிக்காமல் குப்பைக்கு அனுப்புங்கள். வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு நூறு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத் தின்னும் என்ற கணக்கில், இரண்டு வாரத்துக்கு மேல் போகாத அளவில் வாங்கி, மூடியுள்ள தகர டின்னில் போட்டுப் பலகை மேல் வைக்க வேண்டும்.

கம்பு, சோளம், நொய் ஆகியவற்றோடு, இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் கோழிகளுக்குப் புரதம் சற்றுக் கூட்ட வேண்டும். இறகு பெரும்பகுதி புரதத்தால் ஆனது. காசிமேட்டுப் பக்கம் கிடைக்கும், உப்பிடாமல் காயவைத்த நெத்திலியைப் பொடித்துக் கலக்கலாம். உப்புக் கருவாடு கோழிக்கு விஷம் போன்றது. முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். ஓட்டல் மிச்சமும் புளித்த சோறும் மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

முட்டை குறையும்போது

ஐப்பசி பிறந்ததும் முட்டை குறைந்துவிட்டது என்று பலர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். ஜூனில் சென்னையில் பகல் பொழுது சுமார் 12 மணி 50 நிமிடம். டிசம்பர் கடைசியில் அது சுமார் 11 மணி 20 நிமிடம். தொடர்ந்து முட்டையிட 14 மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சம் தேவைப்படும் பறவைக்கு இந்த வேறுபாடும், அதோடு வரும் இறகு உதிர்வும் போதுமான காரணங்கள். நாட்டுக்கோழி எப்படியும் பத்துப் பதினைந்து முட்டையிட்டு அடைக்கு உட்காரும் இனம். சிறுவிடைக் கோழிக்கு விளக்குப் போட்டு முட்டையைக் கூட்ட முனைவது வீண் வேலை. கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்களுக்கு வேண்டுமானால் ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை அதிகாலை நான்கு மணியிலிருந்து விடியும்வரை எரியவிடலாம். மாலையில் எரியவிட்டுத் திடீரென்று அணைத்தால் கீழே மேய்ந்துகொண்டிருக்கும் கோழிகள் இருட்டில் கட்டைக்கு ஏற முடியாமல் தரையிலேயே படுத்துவிடும். மின்கம்பியைக் குழாய்க்குள் விட்டு, மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பில்தான் கொடுக்க வேண்டும். நீட்டிப்புப் பெட்டியை ஈரச் சுவரில் தொங்கவிடுவது கோழியோடு நம் உயிருக்கும் ஆபத்து.

இரவுச் சோதனை

மழை தொடங்கிய பிறகு வாரம் ஒருமுறை, கோழிகள் அடைந்து அரைமணி கழித்து, ஒரு சிறு டார்ச்சோடு கூண்டுக்குள் போய் முதலில் விளக்கைப் போடாமல் நின்று கேட்க வேண்டும். நோயில்லாத கோழிகள் உறங்கும் கூண்டில் அவ்வப்போது மெல்லிய முனகலைத் தவிர வேறொன்றும் கேட்காது. ‘கொர்கொர்’ என்ற இழுப்போ, தும்மலோ கேட்டால் எது என்று கண்டுபிடித்து மறுநாள் தனியே பிரித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக மடியில் எடுத்துப் பாருங்கள். கொண்டை சிவந்து வெதுவெதுப்பாக இருக்கிறதா, தீனிப்பை நிறைந்திருக்கிறதா, மார்பெலும்பு கத்திபோல் துருத்துகிறதா, ஆசனவாய்ப் பக்கத்து இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா, இறக்கைக்கு அடியில் பேன் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு கோழிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இரவில் கோழி அடங்கியே இருக்கும். பகலில் இதையே செய்யப் போனால் துரத்திப் பிடிப்பதற்குள் அதற்கும் மூச்சு வாங்கும், நமக்கும் வாங்கும்.

குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அன்றே மருத்துவரைக் கேட்டு ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுக்க வேண்டும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் கண்டால் அம்மை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவி, கண் மூடிக்கொண்ட கோழிக்குக் கையால் தீனி ஊட்டினால் பெரும்பாலும் தேறிவிடும். வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டுத் தூங்கி வழிந்தால் ராணிக்கெட் என்றே கொண்டு மற்றவற்றைக் காக்கும் வேலையைப் பாருங்கள். இறந்ததைத் தெருவில் எறியாமல், தண்ணீர் தேங்காத மேட்டில் மூன்றடிக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். ஓரிரு நாளுக்குள் காரணம் தெரியாமல் பல கோழிகள் சேர்ந்து இறந்தால் எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும். பெருச்சாளிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், மழையில் கூண்டு வேலைக்கு ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால்

நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டால், கூண்டை நம்பிக் கோழிகளை அதில் விட்டுவைக்கக் கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது நகரில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசி, ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அந்த வேகத்துக்கு நாம் கட்டும் கூரை எதுவும் உறுதி சொல்லாது. காய்கறிக்கடை பிளாஸ்டிக் கிரேட், அட்டைப் பெட்டி, பஞ்சாரம் என்று எது இருக்கிறதோ அதை முதல் நாளே எடுத்து வைத்து, மாடிப்படி அறையிலோ குளியலறையிலோ செய்தித்தாள் விரித்து, பொழுது சாய்ந்ததும் கோழிகளை மாற்றிவிடுங்கள். ஒரு கிரேட்டில் நான்கைந்து பெட்டைகள் ஓரிரவு அடங்கியிருக்கும். சேவல்களைத் தனித்தனியே வைக்க வேண்டும். ஐந்து நாள் தீவனமும் குடிநீரும் வீட்டுக்குள் இருக்கட்டும். கூண்டின் மேல் சாய்ந்திருக்கும் முருங்கைக் கிளைகளை முன்பே வெட்டிவிட வேண்டும். அது காற்றில் முதலில் முறியும் மரம்.

கூண்டிலேயே விட்டாக வேண்டிய நிலை என்றால் காற்று திரும்பும் என்பதை நினைவில் வையுங்கள். புயல் கடலில் இருக்கும்போது சென்னையில் வடக்கிலிருந்து வீசும் காற்று, அதன் மையம் நகரைக் கடந்து உள்ளே போனதும் தெற்கிலிருந்து வீசத் தொடங்கும். மையம் நேர் மேலே கடந்தால் இடையில் கொஞ்ச நேரம் எல்லாம் ஓய்ந்துபோன மாதிரி இருக்கும். அந்த ஓய்வில்தான் தெற்குப் பக்கத் தார்ப்பாயை இறக்கிக் கட்ட வேண்டும். வெள்ளம் வரக்கூடிய தெருவில் எக்காரணம் கொண்டும் கோழிகளைத் தரைமட்டக் கூண்டில் பூட்டிவைக்காதீர்கள்.

தீபாவளி முதல் தை வரை

தீபாவளி மழைக்காலத்தின் நடுவில் வருகிறது. வெடிச்சத்தத்தில் மிரண்ட கோழி சுவரேறிப் பறந்து போய்விடும். முட்டையும் சில நாள் நிற்கும். முந்தின நாள் மாலையே அடைத்து, தெருப்பக்கத்தை மட்டும் கனத்த சாக்கால் மறைத்து, இரண்டு நாள் வெளியே விடாமல் இருந்தால் போதும். மார்கழியில் மழை ஓய்ந்து பனி இறங்கும்போது, காலையில் புல் ஈரம் காயும்வரை, அதாவது எட்டு மணிவரை, குஞ்சுகளை வெளியே விட வேண்டாம். போகியன்று அதிகாலையில் நகரையே மூடும் புகை மனிதர்களுக்கே மூச்சை அடைக்கிறது. நுரையீரலோடு உடல் முழுதும் காற்றுப்பைகள் கொண்ட கோழிக்கு அது இன்னும் கடுமையானது. ஆகவே அன்று தெருவில் டயர் எரிப்பவர்களிடம் முன்கூட்டியே பேசிப் பார்ப்பதும், கூண்டு தெருவை ஒட்டி இருந்தால் கோழிகளை வீட்டின் பின்கட்டுக்கு மாற்றிவைப்பதும் நல்லது.

குஞ்சு பொரிக்க வைக்கும் ஆசையைத் தைவரை ஒத்திப்போடுங்கள். முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். மழையில் தண்ணீர் தேங்கினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடும் ஊரில், குண்டு பல்பை நம்பிக் குஞ்சு வளர்ப்பது நடவாத காரியம். கார்த்திகையில் ஒரு பெட்டை பிடிவாதமாக அடைக்கு உட்கார்ந்துவிட்டால், கீழே காற்றோடும் கம்பித் தட்டுக் கூண்டில் மூன்று நான்கு நாள் வைத்தால் அடை தெளிந்துவிடும். பொங்கல் கழிந்ததும் கூளம் முழுவதையும் வாரி, தோட்டத்து மூலையில் மண் கலந்து மக்கவிட்டு, கூண்டைக் கழுவிக் காயவைத்து, பத்து நாளுக்கு மேல் பழையதாகாத சுத்தமான முட்டைகளாகப் பத்துப் பன்னிரண்டு தேர்ந்து அடை வையுங்கள். கழுவிய முட்டை பொரிக்கும் வாய்ப்புக் குறைவு. அழுக்கு ஒட்டியதைக் காய்ந்த துணியால் துடைக்க மட்டும் செய்யலாம். இருபத்தொரு நாளில் வெளிவரும் அந்தக் குஞ்சுகளுக்கு மாசி வெயில் இதமாக இருக்கும், அடுத்த ஐப்பசிக்குள் தடுப்பூசிகள் எல்லாம் முடிந்து வளர்ந்த கோழிகளாகியும் இருக்கும்.